கச்சேரிப் பெட்டிக்குள் இயற்பியல்

ஊர்த் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி கேட்டிருப்பீர்கள். பாடகர்கள் வருமுன்பே ஓர் ஆள் மேடையேறி, மைக்கைத் தட்டி, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்பார். முன்பெல்லாம் ஒலியமைப்பாளரின் முன்னால் மேசையளவு பலகை ஒன்று இருக்கும். அதில் வரிசை வரிசையாகக் குமிழ்கள். அதுதான் மிக்ஸர், பல மைக்குகளிலிருந்து வரும் ஒலிகளைத் தக்க அளவில் கலந்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கருவி. இன்று பல குழுக்களில் அந்தப் பலகையைக் காணோம். மேடையின் ஓரத்தில் கறுப்புப் பெட்டி ஒன்று நிற்கிறது. ஒலியமைப்பாளரோ கூட்டத்தின் நடுவே நின்று, கையிலுள்ள டேப்லெட்டை விரலால் தடவிக்கொண்டிருக்கிறார்!

அந்தப் பெட்டிக்குள் இருப்பது டிஜிட்டல் மிக்ஸர். என் பழைய மாணவர் ஒருவர் மெல்லிசைக் குழு ஒன்றில் கீபோர்டு வாசிக்கிறார். அவருடைய குழு இத்தகைய பெட்டியை அமைத்தபோது நானும் உடனிருந்தேன். உங்கள் இயற்பியல் பாடநூலின் பல அத்தியாயங்கள் அதற்குள் அடங்கியிருந்தன. அந்தப் பெட்டி பிறந்ததற்குக் காரணம், 'உம்' என்ற ஓர் இரைச்சல். அதிலிருந்தே தொடங்குவோம்.

உதட்டில் ஒரு 'சுரீர்'

அன்று ஒரு கிராமத்தில் கச்சேரி. கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் கருவியை மிக்ஸருடன் இணைத்ததும், ஒலிபெருக்கியில் 'உம்ம்...' என்று இடைவிடாத இரைச்சல். உதவியாள் ஒருவர் கிட்டார் பெருக்கியின் மூன்று பின் பிளக்கைத் திறந்து, எர்த் கம்பியைக் கழற்றிவிட்டார். இரைச்சல் நின்றது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

அரைமணி நேரம் கழிந்தது. கிட்டார் வாசித்தவர் பாடுவதற்காக மைக்கை நெருங்கினார். உதட்டில் 'சுரீர்' என்றது. திடுக்கிட்டுப் பின்வாங்கினார். முன்வரிசையில் இருந்த நான் மேடைக்கு ஓடி, கச்சேரியை நிறுத்தச் சொன்னேன்.

"சின்ன ஷாக்தானே, சார்?" என்றார் என் மாணவர். சின்ன ஷாக் அல்ல. 1972ஆம் ஆண்டு மே மாதம் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில், ஸ்டோன் தி குரோஸ் என்ற இசைக் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்துபோனார். எர்த் சரியாக இல்லாத நிலையில், கையில் கிட்டாருடன் மைக்கைத் தொட்டதே காரணம்.

எர்த் கம்பியைக் கழற்றினால் இரைச்சல் ஏன் நின்றது? உதட்டில் ஏன் அதிர்ச்சி ஏற்பட்டது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை காண்போம்.

இரைச்சல் எங்கிருந்து வந்தது?

மிக்ஸருக்கு மேடையின் இடப்புறமிருந்த பலகையிலிருந்து மின்சாரம் வந்தது. கிட்டார் பெருக்கிக்கு வலப்புறமிருந்த வேறொரு பலகையிலிருந்து வந்தது. இரண்டுக்கும் தனித்தனி எர்த் கம்பிகள். இவற்றுக்கிடையே ஓர் ஒலிக் கேபிள். அந்தக் கேபிளின் வெளியுறையான கம்பி வலையும் எர்த்துடன் இணைந்ததே. ஆக, எர்த் கம்பி, கேபிள் உறை, மற்றோர் எர்த் கம்பி என்று மேடையைச் சுற்றி ஒரு பெரிய மூடிய வளையம் உருவாகிவிட்டது.

மாறும் காந்தப்புலத்தில் ஒரு மூடிய கம்பிச் சுருள் இருந்தால் அதில் மின்னோட்டம் தூண்டப்படும் என்று 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்ததைப் படித்திருக்கிறீர்கள். மேடையைச் சுற்றி ஓடும் மின்கம்பிகளில் நொடிக்கு 50 முறை மாறும் மாறுதிசை மின்னோட்டம் பாய்கிறது. அதன் காந்தப்புலம் நம் வளையத்தினுள் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. தவிரவும், இரு எர்த் கம்பிகளின் மின்னழுத்தமும் சமமாக இருப்பதில்லை. வேறுபாடு 0.1 வோல்ட், கேபிள் உறையின் மின்தடை 0.5 ஓம் என்று கொள்வோம். ஓம் விதிப்படி 0.2 ஆம்பியர் மின்னோட்டம் அந்த உறையில் ஓடும். ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு மிகச் சிறிதுதான். ஆனால் மைக் தரும் சமிக்ஞையோ சில மில்லிவோல்ட்டுகள் மட்டுமே! கேபிள் உறையில் ஓடும் இந்தத் தேவையற்ற மின்னோட்டமும் சமிக்ஞையோடு கலந்து பெருக்கப்படுகிறது. அதுவே நாம் கேட்ட 'உம்'.

எர்த் கம்பியைக் கழற்றியதும் வளையம் அறுந்தது, இரைச்சலும் நின்றது. ஆனால் எர்த் கம்பி இசைக்காக வைக்கப்பட்டதன்று, உயிருக்காக வைக்கப்பட்டது. கிட்டாரின் உலோகக் கம்பிகள் கேபிள் உறையின் வழியே பெருக்கியின் உலோகக் கூட்டோடு இணைந்துள்ளன. பெருக்கியினுள் ஃபேஸ் கம்பியிலிருந்து கூட்டுக்கு மின்சாரம் கசிந்தால், எர்த் கம்பி அதனைப் பூமிக்குக் கொண்டுசெல்லும். எர்த் இல்லையேல் அது கிட்டார்க் கம்பியில் வந்து காத்து நிற்கும். மைக்கின் உலோக வலையோ மிக்ஸர் வழியாக எர்த்துடன் இணைந்தது. கை கிட்டாரில், உதடு மைக்கில்! இடையில் இருப்பது மனித உடல். வியர்வையில் நனைந்த உடலின் மின்தடை 1000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் 0.23 ஆம்பியர் பாயும். இதயத்தின் துடிப்பைக் குலைக்க இதைவிடக் குறைவான மின்னோட்டமே போதும். அன்று கசிவு சிறிதாக இருந்ததால் உதட்டில் 'சுரீர்' என்றதோடு போயிற்று.

அன்றிரவு எர்த் கம்பியை மீண்டும் பூட்டச் சொன்னோம். கசிவு இருந்த பெருக்கியை ஒதுக்கிவைத்து வேறொன்றைக் கொண்டுவந்தோம். அதனையும் மிக்ஸரையும் ஒரே பலகையில் செருகியதும் வளையம் சுருங்கியது, இரைச்சல் அடங்கியது. "இதை ஒவ்வோர் ஊரிலும் இருட்டில் தேடிச் செய்ய முடியுமா, சார்?" என்று கேட்டார் மாணவர். முடியாது. ஆகவே எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை சரியாக இணைத்து, ஒரு பெட்டியில் பூட்டி வைத்துவிடுவது என்று முடிவாயிற்று.

பெட்டியின் அளவு

இத்தகைய பெட்டியை 'ராக்' பெட்டி என்கிறார்கள். உலகெங்கும் இதற்கு ஒரே அளவு. உள்ளே பூட்டும் கருவியின் முகப்பு அகலம் 19 அங்குலம், அதாவது 482.6 மில்லிமீட்டர். உயரம் 'யூ' என்ற அலகில் அளக்கப்படுகிறது. ஒரு யூ என்பது 44.45 மில்லிமீட்டர். எந்த நாட்டில் செய்த கருவியானாலும் இந்த அளவில் இருந்தால் நான்கு திருகாணிகளில் பொருந்திவிடும்.

எங்கள் கணக்கு இது: யூ.பி.எஸ். 2 யூ, மின் பலகை 1 யூ, காலி இடம் 1 யூ, மிக்ஸர் 3 யூ, கம்பியில்லா மைக்குகளின் ஏற்பிகள் 2 யூ, வைஃபை கருவி வைக்கும் தட்டு 1 யூ. மொத்தம் 10 யூ. உயரம் சுமார் 44.5 சென்டிமீட்டர். ஒவ்வொன்றும் ஏன் அந்தந்த இடத்தில் என்பதைக் கீழிருந்து மேலாகப் பார்ப்போம்.

அடியில் இருப்பவை

மின்கலம் கொண்ட யூ.பி.எஸ். தான் மிகக் கனமானது. அதை அடியில் வைத்தால் பெட்டியின் ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்கும். சாய்த்தாலும் எளிதில் கவிழாது. பழைய மிக்ஸருக்கு யூ.பி.எஸ். தேவைப்படவில்லை. மின்சாரம் போய் வந்தால் உடனே பாடத் தொடங்கிவிடும். டிஜிட்டல் மிக்ஸரோ ஒரு கணினி. மின்வாரிய இணைப்பிலிருந்து ஜெனரேட்டருக்கு மாறும் ஒரு நொடி இடைவெளியிலும் அது அணைந்துவிடும். மீண்டும் இயங்கத் தொடங்கும்வரை மேடை முழுவதும் ஊமை!

அதற்கு மேலே மின் பலகை. பெட்டிக்கு மின்சாரம் நுழைவது ஒரே வாயிலில்தான். கீபோர்டு, கிட்டார் பெருக்கி முதலிய மேடைக் கருவிகள் அனைத்தும் இந்த ஒரே பலகையிலிருந்தே மின்சாரம் பெறும். எர்த் ஒன்றே என்பதால் மேடையைச் சுற்றிப் பெரிய வளையம் உண்டாக வழியில்லை.

அந்த வாயிலில் ஆர்.சி.சி.பி. என்ற காவலாளி இருக்கிறது. அதன் வேலை வெறும் கழித்தல்! ஃபேஸ் கம்பியில் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரல் கம்பியில் திரும்பும் மின்னோட்டத்தையும் அது ஒப்பிடுகிறது. போனதெல்லாம் திரும்பினால் வேறுபாடு சுழி. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால், மின்னோட்டம் வேறு வழியே, ஒருவேளை ஒரு மனிதரின் வழியே, போகிறது என்று பொருள். ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். ஆனால் ஒருவர் ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் தொட்டால் அது காப்பாற்றாது. கழித்துப் பார்த்தால் வேறுபாடு இராதே! ஆகவே அது எர்த் கம்பிக்குத் துணையே தவிர மாற்று அன்று. இந்த இணைப்புகளை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்தார். நானும் மாணவரும் வேடிக்கை பார்த்தோம்!

மிக்ஸரும் கழித்தல் கணக்கும்

மின் பலகைக்கு மேலே 1 யூ இடம் காலி. பெட்டியிலுள்ள கருவிகள் மொத்தம் 100 வாட் திறன் எடுத்துக்கொண்டால், அதில் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே முடிகிறது. மூடிய பெட்டிக்குள் 100 வாட் குண்டு பல்பை எரியவிட்டது போலத்தான். சூடான காற்று அடர்த்தி குறைந்து மேலெழும். குளிர்ந்த காற்று அதன் இடத்துக்கு வர வழி வேண்டும். எனவே கச்சேரியின்போது முன் மூடி, பின் மூடி இரண்டையும் கழற்றிவிட வேண்டும்.

அடுத்தது மிக்ஸர். ஒவ்வொரு மைக்கின் மின்னழுத்தத்தையும் அது நொடிக்கு 48,000 முறை அளந்து எண்ணாக மாற்றுகிறது. நம் செவி உணரும் மிகு உயர் அதிர்வெண் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். அதன் இரு மடங்குக்கு மேல் அளந்தால்தான் ஒலியைப் பழையபடி மீட்க முடியும். ஒவ்வோர் அளவையும் 24 பிட் எண்ணாக எழுதினால், 1,67,77,216 படிகளில் நுட்பமாகக் குறிக்கலாம். அதன் பின் ஒலியைக் கலப்பது வெறும் கூட்டல், பெருக்கல்தான்.

இங்கும் ஒரு கழித்தல் உண்டு. மைக் கேபிளில் உறையைத் தவிர இரண்டு கம்பிகள் உள்ளன. ஒன்றில் சமிக்ஞை நேராகவும் மற்றொன்றில் தலைகீழாகவும் செல்கிறது. ஒன்றில் +5, மற்றதில் -5 என்று கொள்வோம். வழியில் 2 அளவு இரைச்சல் புகுகிறது. கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருப்பதால் இரண்டிலும் சமமாகவே புகும். இப்போது +7, -3. மிக்ஸர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறது: 7 - (-3) = 10. சமிக்ஞை இரு மடங்காயிற்று, இரைச்சல் மறைந்தது! அந்தக் கிராமத்தில் கிட்டார் பெருக்கியை இணைத்தது ஒற்றைக் கம்பிக் கேபிள். அதில் கழிப்பதற்கு இணை இல்லை. இப்போது இடையில் சிறிய மின்மாற்றி கொண்ட பெட்டி ஒன்றை வைக்கிறார்கள். சமிக்ஞை காந்தப்புலத்தின் வழியே தாண்டுகிறது. கம்பித் தொடர்பு அறுந்துவிடுகிறது. எர்த்தைத் தொட வேண்டியதே இல்லை.

மேலே இருப்பவை

டேப்லெட்டும் மிக்ஸரும் வைஃபை அலைகளால் பேசிக்கொள்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு 6 சென்டிமீட்டர். சுற்றிலும் உலோகம் இருந்தால் அலை வெளியேறாது. ஆகவே கச்சேரியின்போது வைஃபை கருவியைத் தட்டிலிருந்து எடுத்து, தலைகளுக்கு மேலே உயரமான தாங்கியில் வைக்கிறார்கள். ஏன் அவ்வளவு உயரம்? நம் உடலில் பெரும்பங்கு நீர். அது இந்த அலைகளை உறிஞ்சிவிடும். மாலையில் காலித் திடலில் நன்றாக இயங்கியது, இரவில் கூட்டம் நிறைந்ததும் தடுமாறுவது இதனால்தான்.

இறுதியாக, பெட்டியின் சுவர்களுக்கும் உட்சட்டத்துக்கும் இடையே ஃபோம் வைத்தோம். வேனிலிருந்து இறக்கும்போது பெட்டி 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 'தொப்' என்று விழுகிறது என்று கொள்வோம். வெறும் பலகை 1 மில்லிமீட்டருக்குள் அதை நிறுத்தினால், கருவிகள் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 50 மடங்கு எதிர்முடுக்கத்தைத் தாங்க வேண்டும். ஃபோம் 20 மில்லிமீட்டர் அமுங்கி நிறுத்தினால் அது 2.5 மடங்காகக் குறைகிறது. கிரிக்கெட் வீரர் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுப்பது நினைவுக்கு வருகிறதா?

மறு ஆண்டு அதே கிராமத்துக்கு அந்தக் குழு சென்றது. கறுப்புப் பெட்டியைத் திறந்து, ஒரே ஒரு செருகியைச் செருகினார்கள். இரைச்சல் இல்லை. கிட்டார் கலைஞர் அஞ்சாமல் மைக்கை நெருங்கிப் பாடினார்.

நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். வீட்டிலுள்ள மூன்று பின் பிளக் ஒன்றை, எதிலும் செருகாமல், கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பின் மட்டும் மற்ற இரண்டையும்விட நீளம்; தடிமனும் அதிகம். நீளமாக இருப்பதால் செருகும்போது எர்த் முதலில் சேர்கிறது. பிடுங்கும்போது கடைசியில் பிரிகிறது. தடிமனாக இருப்பதால் வேறு துளைக்குள் தவறி நுழையாது. ஆபத்து வருமுன் வந்து, அது போனபின் போகும் காவலாளி அது. இரைச்சலை நீக்க நூறு வழிகள் உண்டு. அந்தப் பின்னை நீக்குவது மட்டும் அவற்றில் ஒன்றன்று.