ஒரு அறைக்கு ஏ.சி: வாங்குமுன் கூரையைப் பாருங்கள்

உம்மாவின் அறைக்கு ஏ.சி வாங்கச் சொல்லி கட்டாரிலிருந்து தம்பி பணம் அனுப்பினான். உம்மா எழுபதைத் தாண்டிய இதய நோயாளி. இரவுப் புழுக்கத்தில் அவருக்குத் தூக்கமே இல்லை.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு புத்தளம் வந்த முஸ்லிம் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. முதலில் இருந்தது கிடுகுக் கொட்டிலில். பிறகு மதுரங்குளியை அடுத்த கனமூலையில் சீற் போட்ட கல்வீடு கட்டினோம். கொட்டில் மழைக்கு ஒழுகும், ஆனால் இப்படி வேகாது என்று உம்மா அடிக்கடி சொல்வார்.

கடையில் அறையின் அளவைச் சொன்னேன்: 10 அடிக்கு 12 அடி. "சீற் வீடென்றால் 18,000 பிரிரியூ எடுங்கள்" என்றார்கள். பிரிரியூ என்பது ஒரு மணித்தியாலத்தில் இயந்திரம் வெளியேற்றும் வெப்பத்தின் அளவு. 12,000 பிரிரியூவைத்தான் ஒரு தொன் என்கிறோம். பெரிதாக வாங்கினால் நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். வயரிங் செய்ய வந்தவர்தான் மேலே பார்க்கச் சொன்னார்.

எங்கள் அறைச்சுவர்கள் கூரை வரை போகவில்லை. சீலிங்கும் இல்லை. அப்படியே பூட்டினால் முழு வீட்டின் கூரைவெளியையும் குளிரூட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு பெரிய இயந்திரமும் ஓயாமல் ஓடும், பில்தான் ஏறும். எனவே முதலில் சீலிங் அடித்து, அதற்கு மேல் வெப்பம் தடுக்கும் வெள்ளித்தாள் விரித்து, கதவு யன்னல் இடுக்குகளை அடைத்தோம். அதன்பின் 12,000 பிரிரியூவே போதுமாயிற்று.

மூடிய அறைக்குத் தேவைக்கு மேல் பெரிய ஏ.சியும் கூடாது. அது சட்டென்று குளிராக்கி நின்றுவிடும், காற்றின் ஈரத்தைப் போதிய அளவு இழுக்காது. எங்கள் கரையோரத்தில் உடம்பை வாட்டுவது வெப்பத்தோடு சேர்ந்த அந்த ஈரம்தான்.

இன்வேர்ட்டர் வகையையே எடுத்தோம். விலை சற்று அதிகம். ஆனால் அறை குளிர்ந்ததும் அது வேகத்தைக் குறைத்து ஓடும், இரவு முழுக்கப் பாவிப்பவர்களுக்கு மின்சாரம் மிச்சமாகும்.

பில் கணக்கையும் முன்பே போட்டுப் பாருங்கள். சராசரியாக மணிக்கு 0.6 அலகு எடுத்தால், ஆறு மணித்தியாலத்துக்கு 3.6 அலகு, மாதம் 108. எங்கள் வழமையான 60ஐச் சேர்த்தால் 168. பாவனை கூடக்கூட ஒரு அலகின் விலையும் கூடுகிறது. 180ஐத் தாண்டினால் மிக உயர்ந்த கட்டணம். அதனால் 26 பாகையில் வைத்து, மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டு, நேரம் குறித்து நிறுத்துகிறோம்.

கடற்கரைக்கென்று இன்னொரு எதிரி உண்டு: உப்புக்காற்று. வெளியே வைக்கும் பெட்டியின் அலுமினியத் தகடுகளை அது அரித்துவிடும். உப்பைத் தாங்கும் பூச்சு உள்ளதா, உத்தரவாதம் துருவுக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். பெட்டியைக் கடல்காற்று நேரே அடிக்காத, ஆனால் காற்றோட்டமுள்ள பக்கம் வையுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அடிக்கடி நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். ஏ.சிக்குத் தனி வயர், தனி பிரேக்கர், சரியான எர்த் அவசியம்.

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு ஏ.சி வாங்கிக் கொடுக்க நினைப்பவர்கள், "எந்தக் கம்பனி?" என்று கேட்குமுன் "அந்த அறைக்கு சீலிங் இருக்கிறதா?" என்று கேளுங்கள். தம்பி அனுப்பியதில் ஒரு பங்கு சீலிங்குக்குப் போனது. ஏ.சி வருவதற்கு முந்திய இரவே, மின்விசிறிக் காற்றில் உம்மா கொஞ்சம் தூங்கினார்.