ராணுவம் தெருவில் இறங்கினா யார் உத்தரவு? தப்பு நடந்தா யார் பொறுப்பு? - சட்டம் சொல்வது என்ன?

ஊர்ல கலவரம். கடைகள் எரியுது. போலீஸால் சமாளிக்க முடியலை. "ராணுவத்தை இறக்குங்க" என்ற குரல் முதலில் சோஷியல் மீடியாவில் கேட்கும். கொஞ்ச நேரத்தில் டிவி விவாதத்திலும் கேட்கும். மறுநாள் காலையில் ராணுவ லாரிகள் கொடி அணிவகுப்பு நடத்தும் வீடியோ எல்லார் போனிலும் ஓடும்.

எல்லையில் எதிரியோடு சண்டை போடப் பயிற்சி பெற்ற படை, சொந்த நாட்டு மக்கள் நடுவே துப்பாக்கியோடு நிற்கலாமா?

நிற்கலாம் என்பதுதான் இந்தியச் சட்டத்தின் பதில். ஆனால் போலீஸ் வேலையைப் பறித்துக்கொண்டு அல்ல. சிவில் நிர்வாகத்துக்கு உதவியாக மட்டும். இந்த 'உதவி' என்ற சொல்லில்தான் மொத்த விஷயமும் அடங்கியிருக்கு. யார் உத்தரவு போட வேண்டும் என்பதில் சட்டம் பெரும்பாலும் தெளிவாக இருக்கிறது. தப்பு நடந்த பிறகு யார் பதில் சொல்வது என்பதில்தான் பெரிய சிக்கல்.

முதல்ல, அது ராணுவம்தானா?

பச்சை நிற உடுப்பு போட்டவர்கள் எல்லாம் ராணுவம் இல்லை. தேர்தல் நேரத்தில் நம்ம ஊர் வாக்குச்சாவடியில் நிற்கும் சிஆர்பிஎஃப், ஏர்போர்ட்டில் நிற்கும் சிஐஎஸ்எஃப், எல்லையில் இருக்கும் பிஎஸ்எஃப் எல்லாம் மத்திய ஆயுத போலீஸ் படைகள். இவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகின்றன. கலவரத் தடுப்புக்கென்றே உருவாக்கப்பட்ட, நீல நிற உடுப்பு போட்ட அதிவிரைவுப் படையும் சிஆர்பிஎஃப்-ன் ஒரு பிரிவுதான்.

ராணுவம், கடற்படை, விமானப்படை மூன்றும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருபவை. 2016-ல் ஹரியானாவில் ஜாட் இடஒதுக்கீடு போராட்டம் வன்முறையாக மாறியபோது ராணுவம் வரவழைக்கப்பட்டது. சாலைகள் மறிக்கப்பட்டதால் ரோத்தக் நகருக்கு வீரர்களை ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்க வேண்டியிருந்தது. மற்ற படைகளிலிருந்து தங்களைப் பிரித்துக் காட்ட, 'ஆர்மி' என்று எழுதிய பலகைகளை வீரர்கள் கையில் பிடித்திருந்தார்கள்.

2015 சென்னை வெள்ளத்தில் ராணுவம் படகில் வந்து மக்களை மீட்டது நினைவிருக்கலாம். அதுவும் சிவில் நிர்வாகத்துக்குச் செய்த உதவிதான். ஆனால் அது மீட்புப் பணி. கூட்டத்தைக் கலைப்பது, கைது செய்வது, சுடுவது என்று வரும்போதுதான் சட்டம் கடுமையாகிறது.

அரசியலமைப்பு என்ன சொல்லுது?

பொது அமைதியும் போலீஸும் மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயங்கள். அதாவது, தெருவில் சட்டம் ஒழுங்கைக் காப்பது மாநில அரசின் வேலை. ஆனால் அதே பட்டியலில் ஒரு விதிவிலக்கும் இருக்கு: சிவில் அதிகாரத்துக்கு உதவியாக முப்படைகளைப் பயன்படுத்துவது மாநிலத்தின் அதிகாரத்தில் வராது. 1976-ல் 42-வது திருத்தம் இந்த விஷயத்தை மத்தியப் பட்டியலில் தனியாகவே சேர்த்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ராணுவம் தெருவுக்கு வந்தால் 'ராணுவ ஆட்சி' வந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. கோர்ட், கலெக்டர், போலீஸ் எல்லாம் அப்படியே வேலை செய்யும். சுதந்திர இந்தியாவில் ராணுவச் சட்டம் இதுவரை ஒருமுறைகூட அறிவிக்கப்பட்டதில்லை.

உத்தரவு போடுவது யார்?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 148 முதல் 151 வரையிலான பிரிவுகள்தான் இதற்கு அடிப்படை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இவை 129 முதல் 132 வரையிலான பிரிவுகளாக இருந்தன.

முதல் படி போலீஸ். சட்டவிரோதமாகக் கூடிய கூட்டத்தைக் கலைந்து போகச் சொல்ல வேண்டும். போகவில்லை என்றால் போலீஸ் பலத்தைப் பயன்படுத்தலாம். அதிலும் முடியவில்லை, பொதுப் பாதுகாப்புக்காகக் கலைத்தே ஆக வேண்டும் என்றால்தான் 149-வது பிரிவு வரும். அப்போது அந்த இடத்தில் இருக்கும் மாவட்ட மாஜிஸ்திரேட், அதாவது கலெக்டர், அல்லது அவர் அதிகாரம் கொடுத்த நிர்வாக மாஜிஸ்திரேட், ராணுவ அதிகாரியிடம் கூட்டத்தைக் கலைக்கச் சொல்லலாம்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. கூட்டத்தைக் கலைக்க வேண்டுமா என்று முடிவெடுப்பவர் சிவில் அதிகாரி. எப்படிக் கலைப்பது என்று முடிவெடுப்பவர் ராணுவ அதிகாரி. ஆனால் அந்த 'எப்படி'க்கும் சட்டம் ஒரு கடிவாளம் போட்டிருக்கு: முடிந்த அளவு குறைவான பலம், உயிருக்கும் உடைமைக்கும் முடிந்த அளவு குறைவான சேதம்.

சரி, கலெக்டரைப் பிடிக்கவே முடியலைன்னா?

அதற்கு 150-வது பிரிவு. பொதுப் பாதுகாப்புக்குக் கண்ணெதிரே ஆபத்து, எந்த நிர்வாக மாஜிஸ்திரேட்டையும் தொடர்பு கொள்ள முடியவில்லை என்றால், கமிஷன் பெற்ற ராணுவ அதிகாரி தானே நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் தொடர்பு கிடைத்த அந்த நிமிஷத்திலிருந்து மாஜிஸ்திரேட் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

கூப்பிடாம விட்டாலும் ஆபத்து

ராணுவத்தை அழைக்காமல் இருப்பதுதான் எப்போதும் பாதுகாப்பு என்றும் சொல்லிவிட முடியாது. 1984 அக்டோபர் 31-ல் இந்திரா காந்தி கொல்லப்பட்ட பிறகு டெல்லியில் சீக்கியர்கள் வேட்டையாடப்பட்டார்கள். அரசுக் கணக்குப்படி மட்டும் டெல்லியில் இறந்தவர்கள் 2,733 பேர். ராணுவத்தை உரிய நேரத்தில் இறக்கியிருந்தால் ஏராளமான உயிர்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்று இதை விசாரித்த நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சொன்னது. ராணுவத்தை அழைக்கும் அதிகாரத்தைப் போலவே, அழைக்க வேண்டிய பொறுப்பும் சிவில் நிர்வாகத்தின் தலையில்தான் இருக்கிறது.

ஆஃப்ஸ்பா வந்தா எல்லாம் மாறும்

இதுவரை பார்த்தது சாதாரண நிலைமை. ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம், சுருக்கமாக 'ஆஃப்ஸ்பா', அமலில் இருக்கும் இடத்தில் கதையே வேறு.

இதன் வேர் ஆங்கிலேயர் காலத்தில் இருக்கிறது. 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தை அடக்க 1942-ல் வைஸ்ராய் லின்லித்கோ ஒரு அவசரச் சட்டம் கொண்டு வந்தார். அதே பாணியில், நாகா கிளர்ச்சியை எதிர்கொள்ள 1958-ல் நாடாளுமன்றம் ஆஃப்ஸ்பாவை நிறைவேற்றியது. பிறகு பஞ்சாப்புக்கு 1983-லும், ஜம்மு காஷ்மீருக்கு 1990-லும் தனித்தனிச் சட்டங்கள் வந்தன.

ஒரு பகுதியை 'பதற்றமான பகுதி' என்று ஆளுநரோ மத்திய அரசோ அறிவித்தால் போதும். அதன் பிறகு ஒவ்வொரு நடவடிக்கைக்கும் மாஜிஸ்திரேட் உத்தரவு தேவையில்லை. ஹவில்தார் ரேங்கில் இருப்பவர்கூட, ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடத் தடை இருக்கும் இடத்தில் கூடினாலோ, தடையை மீறி ஆயுதம் வைத்திருந்தாலோ, எச்சரிக்கை கொடுத்துவிட்டு உயிர் போகும் அளவுக்குச் சுடலாம். வாரன்ட் இல்லாமல் கைது செய்யலாம், வீட்டில் நுழைந்து சோதனை போடலாம். கைதானவரை மட்டும் தாமதமில்லாமல் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும்.

இந்த வித்தியாசம் மணிப்பூரில் நேரடியாகத் தெரிந்தது. அங்கே 2022-ல் இருந்து பல போலீஸ் ஸ்டேஷன் எல்லைகளில் ஆஃப்ஸ்பா விலக்கப்பட்டிருந்தது. 2023 மே மாதம் வன்முறை வெடித்தபோது ராணுவம் வந்தது. ஆனால் அந்த இடங்களில் அது சாதாரண சட்டத்தின் கீழ்தான் செயல்பட முடிந்தது. 2024 நவம்பரில் 6 போலீஸ் ஸ்டேஷன் எல்லைகளில் ஆஃப்ஸ்பா திரும்பவும் கொண்டு வரப்பட்டது.

உச்ச நீதிமன்றம் போட்ட கோடு

ஆஃப்ஸ்பா செல்லுமா என்ற வழக்கில் 1997 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பு சொன்னது. சட்டம் செல்லும் என்றது, ஆனால் நிபந்தனைகளோடு. உதவிக்கு வரும் ராணுவம் சிவில் அதிகாரத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. 'பதற்றமான பகுதி' அறிவிப்பை 6 மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும். செய்யக் கூடியவை, கூடாதவை என்று ராணுவமே வகுத்த விதிகள் வீரர்களைக் கட்டுப்படுத்தும்.

பேப்பரில் இது நல்ல கோடு. களத்தில்?

ஓட்டிங் கிராமத்தில் நடந்தது

2021 டிசம்பர் 4, சனிக்கிழமை சாயங்காலம். நாகாலாந்தின் மோன் மாவட்டம். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை முடித்து, பிக்கப் வண்டியில் ஓட்டிங் கிராமத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது ராணுவ சிறப்புப் படை சுட்டது. 6 பேர் இறந்தார்கள். தேடி வந்த ஊர் மக்களுக்கும் வீரர்களுக்கும் மோதல் ஏற்பட்டு, துப்பாக்கிச்சூட்டில் மேலும் 7 பேர் இறந்தார்கள். ஒரு வீரரும் உயிரிழந்தார். மறுநாள் மோன் நகரில் இன்னொருவர் பலியானார்.

கிளர்ச்சியாளர்கள் என்று தவறாக நினைத்துச் சுட்டுவிட்டதாக நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்தார் உள்துறை அமைச்சர் அமித் ஷா. வண்டியை நிறுத்தச் சொல்லியும் அது வேகமெடுத்தது என்றும் சொன்னார். ஆனால் நாகாலாந்து போலீஸ் தானாக முன்வந்து பதிவு செய்த எஃப்ஐஆரில் இருந்த ஒரு தகவல் முக்கியமானது: சம்பவத்தின்போது ராணுவத்தோடு போலீஸ் வழிகாட்டி யாரும் இல்லை, வழிகாட்டி வேண்டும் என்று போலீஸ் ஸ்டேஷனில் கேட்கவும் இல்லை.

சிவில் நிர்வாகத்துக்கு 'உதவி' என்று வந்த படை, உள்ளூர் போலீஸ் இல்லாமலே களத்தில் இருந்தது. மண்ணும் ஆளும் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள் கூட இருந்திருந்தால், சனிக்கிழமை வீடு திரும்பும் கூலித் தொழிலாளி யார், கிளர்ச்சியாளர் யார் என்று சொல்லியிருக்கலாமே என்ற கேள்வி இன்னமும் நிற்கிறது.

வழக்கு என்னாச்சு?

மாநில சிறப்புப் புலனாய்வுக் குழு 2022-ல் ஒரு மேஜர் உட்பட 30 ராணுவத்தினர் மீது குற்றப்பத்திரிகை தயாரித்தது. ஆனால் ஆஃப்ஸ்பாவின் 6-வது பிரிவுப்படி, மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் வழக்கு நடத்த முடியாது. 2023-ல் அந்த அனுமதி மறுக்கப்பட்டது. 2024 செப்டம்பர் 17-ல் உச்ச நீதிமன்றம் வழக்கு நடவடிக்கைகளை முடித்து வைத்தது. பின்னால் அனுமதி கிடைத்தால் தொடரலாம் என்றும், ராணுவம் தன் அளவில் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கத் தடையில்லை என்றும் சொன்னது. அனுமதி மறுப்பை எதிர்த்து நாகாலாந்து அரசு தனியாக உச்ச நீதிமன்றம் போனது.

அனுமதி மறுப்பது அபூர்வமும் இல்லை. ஜம்மு காஷ்மீரில் வழக்குத் தொடர அனுமதி கேட்டு வந்த 50 கோரிக்கைகளில் 47 நிராகரிக்கப்பட்டன, 3 நிலுவையில் இருக்கின்றன என்று 2018 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகமே மாநிலங்களவையில் தெரிவித்தது.

ராணுவத் தரப்பு வாதமும் இருக்கு. இருட்டில், பதுங்கித் தாக்கும் ஆயுதக் குழுக்களுக்கு எதிராக நொடியில் முடிவெடுக்கும் வீரர், நாளைக்கு கோர்ட் கோர்ட்டாக அலைய வேண்டுமா என்பது அந்த வாதம். நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் நியாயம் இருக்கு. ஆனால் செய்தது நல்லெண்ணத்தில்தானா என்பதை கோர்ட் பார்ப்பதற்கு முன்பே கதவு மூடிவிடுகிறது என்பதுதான் எதிர்த்தரப்பின் கேள்வி.

மணிப்பூரில் 1,528 பேர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டதாகத் தொடரப்பட்ட வழக்கில், 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்தியது: ஆஃப்ஸ்பா பகுதியாகவே இருந்தாலும், அத்துமீறிப் பலத்தைப் பயன்படுத்தியவருக்கு முழு விலக்கு கிடையாது. ஆஃப்ஸ்பாவையே ரத்து செய்யலாம் என்று நீதிபதி ஜீவன் ரெட்டி குழு 2005-லேயே பரிந்துரைத்திருந்தது. சட்டம் இன்னும் இருக்கிறது. ஆனால் திரிபுராவிலும் மேகாலயாவிலும் முழுசாக விலக்கப்பட்டது, ஓட்டிங் சம்பவத்துக்குப் பிறகு அசாம், நாகாலாந்து, மணிப்பூரில் பரப்பளவு குறைக்கப்பட்டது.

அமெரிக்காவில் எப்படி?

அங்கே சட்டம் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது. 1878-ன் 'போஸ்ஸி கமிட்டாட்டஸ்' சட்டப்படி, வெளிப்படையான சட்ட அனுமதி இல்லாமல் ராணுவத்தைப் போலீஸ் வேலைக்குப் பயன்படுத்துவது குற்றம். அதற்கான பெரிய விதிவிலக்கு 1807-ன் கிளர்ச்சிச் சட்டம்.

2025 ஜூனில் குடியேறிகளைக் கைது செய்வதற்கு எதிராக லாஸ் ஏஞ்சல்ஸில் போராட்டம் நடந்தபோது, கலிஃபோர்னியா கவர்னரின் எதிர்ப்பை மீறி சுமார் 4,000 தேசியக் காவல் படையினரையும் 700 மரைன் வீரர்களையும் அதிபர் டிரம்ப் இறக்கினார். கிளர்ச்சிச் சட்டத்தைப் பயன்படுத்தாமல் வேறொரு சட்டப் பிரிவைக் காட்டினார். அந்தப் படைகளைப் பயன்படுத்திய விதம் 1878 சட்டத்தை மீறியது என்று செப்டம்பர் 2-ல் ஃபெடரல் நீதிபதி சார்லஸ் பிரேயர் தீர்ப்பளித்தார். அரசு மேல்முறையீடு செய்தது.

அப்போ முடிவா என்ன?

அடுத்த முறை அணிவகுப்பு வீடியோ வரும்போது மூன்று விஷயத்தைப் பார்த்தால் போதும். வந்திருப்பது ராணுவமா, மத்திய போலீஸ் படையா? உத்தரவு கொடுத்த சிவில் அதிகாரி யார்? அந்த இடத்தில் ஆஃப்ஸ்பா இருக்கா, இல்லையா?

கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் பெரிது. ஆஃப்ஸ்பா இல்லாத ஊரில் ஒரு உயிர் போனால், உத்தரவு போட்ட மாஜிஸ்திரேட்டின் பெயர் பதிவில் இருக்கும். அங்கேயும்கூட 151-வது பிரிவுப்படி படையினர் மீது வழக்குப் போட மத்திய அரசு அனுமதி வேண்டும் என்றாலும், 'யார் சொல்லிச் சுட்டீங்க' என்று கேட்க ஓர் ஆள் இருக்கிறார். ஆஃப்ஸ்பா இருக்கும் ஊரில் அந்தப் பெயரும் இருக்காது. கேள்வி நேராக டெல்லிக்குப் போகும். ஓட்டிங் மக்கள் கேட்டது அந்தக் கேள்வியைத்தான்.