மூலையில் நிற்பவரின் தொழில்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

விளையாட்டு ஒரு பொழுதுபோக்கு என்று மட்டும் எண்ணப்பட்ட காலம் போய், இன்று அது பலருக்குச் சோறு போடும் தொழிலாகியிருக்கிறது. எத்தொழிலிலும் பேர் வாங்குபவர் ஒருவர். பாரம் தாங்குபவர் மற்றொருவர். விளையாட்டில் பாரம் தாங்குபவரைப் பற்றிச் சிறிது காண்போம்.

அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் அணிக்கு 11 பேர். பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுவர். பந்தை வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து பேர் சுவர்போல் நின்று எதிரிகளைத் தள்ளித் தடுப்பர். அச்சுவரின் ஓரத்தில் நிற்பவருக்கு 'டைட் எண்ட்' என்று பெயர். அவருக்கு இரட்டை வேலை. ஒரு கணம் சுவரோடு சேர்ந்து தடுக்க வேண்டும். மறுகணம் ஓடிச்சென்று எறியப்பட்ட பந்தைப் பிடிக்க வேண்டும். 1961-இல் சிகாகோ பேர்ஸ் அணியில் சேர்ந்த மைக் டிட்கா, இவ்விடத்தில் நிற்பவரும் பந்து பிடிப்பதில் வல்லவராக முடியும் என்று காட்டினார். இவ்விடத்தில் ஆடியவர்களுள் 1988-இல் முதன்முதலாகப் புகழ் மன்றத்தில் இடம்பெற்றவரும் அவரே. அவருக்குப் பின் வந்த டோனி கொன்சாலஸ் 17 பருவங்கள் ஆடி 1,325 முறை பந்தைப் பிடித்தார். இவர்கள் விதிவிலக்குகள். அந்நாட்டுத் தொழில்முறைக் கால்பந்து வீரர் ஒருவரின் ஆட்டவாழ்வு சராசரியாக மூன்று நான்கு ஆண்டுகளே என்று வீரர்கள் சங்கம் சொல்லி வந்திருக்கிறது.

நம் ஊர்க் கபடியில்

நம் கபடியிலும் இப்படி ஓர் ஓரத்து இடம் உண்டு. அதைக் 'கார்னர்' என்பர். அணிக்கு ஏழு பேர். பாடி வருபவருக்கு 30 வினாடி. கைதட்டல் பெரும்பாலும் பாடி வருபவருக்கே. ஆனால் அவரை முதலில் மடக்க வேண்டியவர் மூலையில் நிற்பவர். அவசரப்பட்டுப் பாய்ந்தால் தொடப்பட்டு வெளியேறுவார். தயங்கினால் எதிரி கோட்டைத் தாண்டிவிடுவார்.

கணுக்கால் பிடியை எண்ணிப் பாருங்கள். பாடி வருபவர் ஒரு காலை நீட்டித் தொட முயலும்போது அவர் உடல் எடை முழுவதும் மற்றொரு கால்மேல் இருக்கிறது. உடலைத் தாங்கும் அடித்தளம் ஒரு பாத அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் நீட்டிய காலைப் பிடித்து உயர்த்தி இழுத்தால், ஈர்ப்பு மையம் அடித்தளத்துக்கு வெளியே போய்விடும். எத்தகைய பலசாலியும் விழுவார். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நெம்புகோலின் நீளம் அதிகம்; ஆகவே அங்கே சிறு விசையும் பெரிய திருப்பத்தைத் தரும். வகுப்பில் படிக்கும் திருப்புத்திறன், சேற்றுமண் களத்தில் நடப்பது இவ்வாறுதான்.

ஒரு தமிழரின் எடுத்துக்காட்டு

தஞ்சை மாவட்டத்தில் 1975-இல் பிறந்த தர்மராஜ் சேரலாதன் இவ்விடத்தில் பெயர் பெற்றவர். வலது மூலை அவர் இடம். கணுக்கால் பிடி அவர் கைவந்த கலை. புரோ கபடி லீக் 2014-இல் எட்டு அணிகளுடன் தொடங்கியபோது அவருக்கு வயது 39. பலர் ஆட்டத்தைவிட்டு ஓய்வு பெறும் வயது அது. அவரோ 2016-இல் பாட்னா அணிக்குத் தலைமை ஏற்று, ஐதராபாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஜெய்ப்பூரை வென்று கோப்பை வாங்கினார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 2018-இல் மும்பை அணியில் வலது மூலையில் அவரும் இடது மூலையில் ஈரான் நாட்டு பஸல் அத்ராச்சலியும் நின்றனர். 2019-இல் அரியானா அணிக்குத் தலைவரானபோது அவருக்கு வயது 44. இளைய வீரர்கள் அவரை 'அண்ணா' என்றே அழைத்தனர். வேகம் குறையும் வயதில் அவரைக் காத்தது பொறுமையும் கணிப்புமே என்பதில் ஐயமில்லை.

இரு பக்கமும் காண்போம்

இத்தொழிலில் இன்று பணம் உண்டு. 2014 ஏலத்தில் மிக அதிக விலை 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். 2023-இல் பவன் செராவத்துக்கு 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல் கொடுத்தனர். ஆனால் அதே பவன், முந்தைய 2022 பருவத்தில் தமிழ்த் தலைவாஸ் அணிக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயமுற்று, அப்பருவம் முழுவதும் ஆடாமல் அமர நேர்ந்தது. ஏலத்தில் பெயர் வராதவர்கள் எத்தனை பேர் என்பதையும் எண்ண வேண்டும்.

இதை நான் வெறும் செய்தியாக எழுதவில்லை. எங்கள் திருப்புலி நாட்டில், அறுவடை முடிந்த வயல்தான் கபடிக் களம். வெறுங்காலுடன் மண்ணில் ஆடுவோம். எங்கள் வீட்டில் பட்டப் படிப்புக்கு வந்தவன் நான் ஒருவனே. பதினோராம் வகுப்புப் படிக்கும் என் தம்பி நல்ல கார்னர். "படிச்சு என்ன ஆகப் போவுது? நான் கபடிக்கே போறேன்" என்கிறான். மிளகும் காப்பியும் விற்று எங்களைப் படிக்க வைக்கும் அப்பாவுக்கு அவனிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. என்னைக் கேட்கிறார்.

நான் சொல்வது இதுதான். அமெரிக்காவில் பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகே ஒருவர் அந்தப் பெரிய லீகில் சேர முடியும்; ஏறக்குறைய எல்லா வீரர்களும் கல்லூரி அணிகளில் ஆடி வந்தவர்கள். நம் நாட்டிலும் கல்லூரிச் சேர்க்கையிலும் அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கென இடங்கள் உண்டு. கபடியை விடு என்று தம்பியிடம் நான் சொல்ல மாட்டேன். கல்லூரிக்கு வந்து ஆடு என்றே சொல்கிறேன். முழங்கால் ஒரு நாள் கைவிட்டாலும் பட்டம் கையில் இருக்கும்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். லீக் ஆட்டங்கள் செயற்கை விரிப்பின் மீது காலணியுடன் நடைபெறுகின்றன. மண்ணில் பழகிய காலுக்கு அது புதிது. நம் கல்லூரி விரிப்பில் ஆண்டுக்கு ஒரு முறையேனும் மலைப்பள்ளி மாணவர்களை அழைத்து ஆடச் செய்தால், எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வர அவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். ஆடியவர்களுள் சிலர் அடுத்த ஆண்டு விண்ணப்பப் படிவத்துடன் இதே வாசலில் நிற்பர் என்பது என் நம்பிக்கை.