படிக்க வருபவர் யார்?

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் கணினி படிக்கும் ஒரு மாணவர், ஊர்ப் பெயரில் எத்தனை எழுத்து என்று பைத்தான் நிரல்மொழியிடம் கேட்டால் ஒன்பது என்று பதில் வரும். கையில் எண்ணினால் ஐந்துதான். ஒருங்குறியில் (யூனிகோடில்) துணைக்கால் போன்ற உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால், கணினி அவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. சரியாக எண்ணித் தரும் கட்டற்ற நிரல்தொகுப்பு ஒன்று தமிழுக்கு உண்டு: ஓப்பன் தமிழ். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம்.

இப்படிப்பட்ட நிரல்களின் களஞ்சியத்தை, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது 'ரீட்மி' கோப்பு. இது என்ன, எப்படி நிறுவுவது, உரிமம் என்ன என்பதோடு அது நின்றுவிட வேண்டும். எல்லாவற்றையும் அதிலேயே கொட்டினால் புதியவர் பாதியிலேயே போய்விடுவார். மற்றவை 'டாக்ஸ்' என்ற அடைவுக்குள் போகட்டும்.

அந்த அடைவை எப்படிப் பிரிப்பது? டானியேலே புரோசிடா வகுத்த 'டயடாக்ஸிஸ்' முறை, படிக்க வருபவரின் தேவையைப் பார்த்து நான்காகப் பிரிக்கிறது. முதன்முதலாக எழுத்தெண்ணிப் பார்ப்பவரைக் கைபிடித்து அழைத்துச் செல்வது பயிற்சிப் பாடம். ஆயிரம் பெயர்களை அகரவரிசைப்படுத்த வேண்டும் என்று வேலையோடு வருபவருக்கு வழிகாட்டி. ஒவ்வொரு செயற்கூறும் எதை வாங்கி எதைத் தரும் என்பது உசாத்துணை. ஐந்து ஏன் ஒன்பதானது என்பது விளக்கம். அவசரத்தில் வழிகாட்டியைத் தேடுபவர் முன்னால் ஒருங்குறியின் வரலாற்றை வைத்தால் எழுதியவர், படிப்பவர் இருவர் உழைப்பும் வீண்.

பெரிய திட்டங்களும் இதில் தடுமாறியவைதான். லினக்ஸ் கருவின் ஆவணங்கள் பல ஆண்டுகள் ஒழுங்கில்லாத உரைக்கோப்புகளாகச் சிதறிக் கிடந்தன. ஜொனாதன் கார்பெட் பொறுப்பில், 2016இல் வந்த 4.8 பதிப்பிலிருந்து அவை ஆவணங்களைத் தொகுக்கும் 'ஸ்பிங்க்ஸ்' கருவிக்கு மாறத் தொடங்கின. இன்று கணினியை நிர்வகிப்பவருக்கு ஓர் அடைவு, நிரல் எழுதுபவருக்கு வேறு என்று பிரிந்திருக்கின்றன. நிரல் இருக்கும் களஞ்சியத்திலேயே ஆவணமும் இருப்பதால், நிரலை மாற்றுபவர் அதே திருத்தத்தில் ஆவணத்தையும் மாற்றிவிட முடிகிறது. பழைய தகவல் தேங்காமலிருக்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

2017இல் கட்டற்ற மென்பொருள் பற்றிக் கிட்ஹப் நடத்திய ஆய்வில், பங்கேற்றவர்களில் 93 சதவீதம் பேர் அரைகுறையான அல்லது காலாவதியான ஆவணங்களைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். பங்களிப்பவர்களில் 60 சதவீதம் பேரோ ஆவணத்துக்கு அரிதாகவே கைகொடுக்கிறார்கள், அல்லது கொடுப்பதே இல்லை. கல்லூரி மாணவர் நுழைய வேண்டிய வாசல் இதுதான். காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு வாராவாரம் இணையவழியில் தமிழிலேயே கூடிப் பேசுகிறது. நிறுவும்போது எந்த வரியில் மாட்டிக்கொண்டோம் என்பதை அங்கே சொல்லலாம். பிறகு அந்த வரியைத் திருத்திக் களஞ்சியத்துக்கு அனுப்பலாம்.