வெட்கத்தால் போகும் உயிர்! கர்ப்பவாய் புற்றுநோய்: மறைத்தால் ஆபத்து

தெள்ளார்–

மாதவிலக்கு நின்ற பிறகும் ரத்தப்போக்கு. நாற்றத்துடன் வெள்ளைப்படுதல். "ஆம்பள டாக்டர்கிட்ட இதை எப்படிச் சொல்றது?" என்று மூடி மறைக்கும் பெண்கள் ஏராளம். நோய் முற்றிய பிறகே காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கோ, சென்னைக்கோ ஓடுகிறார்கள்.

5 வாரம் 'கரண்ட்'

முற்றிய நோய்க்கு வாரம் 5 நாள் வீதம் சுமார் 5 வாரம் 'கரண்ட்' எனப்படும் கதிர்வீச்சு. பிறகு கர்ப்பப்பைக்குள் கருவி வைத்துச் சிகிச்சை. சிறுநீர் எரிச்சல், வயிற்றுப்போக்கு வரலாம். பயந்து பாதியில் நின்றால் பட்ட கஷ்டமெல்லாம் வீண்!

நர்சின் கையில்...

இங்கேதான் நர்சின் வேலை. திரையை இழுத்து மறைப்பது, செய்யப்போவதை முன்பே சொல்வது, சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக வைப்பது. கூச்சம் போனால் நோயாளி தங்குவாள். தங்கினால் பிழைக்க வழி உண்டு.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது இருந்தவை வெறும் 12 படுக்கைகள்!

30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசச் சோதனை உண்டு. சில நிமிட வேலைதான். வெட்கம் வேண்டாம், தாய்மார்களே!