டீசல் கார் புகைக்குழாய் சென்சார்கள்: பழுதறிதலும் வீட்டுப் பராமரிப்பும்

டீசல் கார் புகைக்குழாய் சென்சார்கள் என்பவை, இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் அழுத்தம், வெப்பநிலை, நச்சு வாயு அளவு ஆகியவற்றை அளந்து இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினிக்குத் தெரிவிக்கும் உணரிகள் ஆகும். புகைக்குழாய் பேச்சுவழக்கில் சைலன்சர் எனப்படுகிறது. இந்தச் சென்சார்களில் ஒன்று பழுதானாலும் டேஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரியும். சில பழுதுகளை எளிய கருவிகளைக் கொண்டு வீட்டிலேயே கண்டறிந்து சரிசெய்யலாம். ஆனால் கணினி காட்டும் பழுதுக் குறியீடு எந்தச் சமிக்ஞையில் கோளாறு என்பதை மட்டுமே சொல்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல சென்சாரைக் கழற்றிப் புதியதை மாற்றுவதே இவ்வகைப் பழுதுகளில் அதிகம் நேரும் வீண்செலவு.

பின்னணி

டீசல் புகையில் கரித்துகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் முக்கிய மாசுகள். கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி டி.பி.எப். எனப்படுகிறது. தொழிற்சாலையிலேயே இதைப் பொருத்தி 2000-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த பியூஜோ 607 கார் இத்துறையில் முன்னோடியாகும். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்-6 மாசு விதிகள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபின், புதிய டீசல் கார்களில் இந்த வடிகட்டி வழக்கமான பாகமாகிவிட்டது. 2023 ஏப்ரலில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், சாலையில் ஓடும்போது வெளிவரும் மாசும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. இதனால் பழைய டீசல் கார்களில் இல்லாத பல சென்சார்கள் புதிய கார்களின் புகைக்குழாயில் இடம்பெற்றுள்ளன.

வடிகட்டியில் சேரும் கரியை அவ்வப்போது எரித்து நீக்க வேண்டும். இது மீளுருவாக்கம் அல்லது ரீஜெனரேஷன் எனப்படும். கணினி கூடுதல் டீசலைச் செலுத்தி வடிகட்டியின் வெப்பத்தை ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்துகிறது. எப்போது எரிக்க வேண்டும், எவ்வளவு சூடு ஏறியுள்ளது, எப்போது நிறுத்த வேண்டும் என்பவற்றைக் கணினி சென்சார்களைக் கொண்டே அறிகிறது. சென்சார் பழுதானால் பெரும்பாலான கார்கள் மீளுருவாக்கத்தையே நிறுத்திவிடும். சிறிய சென்சார் பழுதைக் கவனிக்காமல் விட்டால், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள வடிகட்டி அடைத்துப்போவது இதனால்தான்.

சென்சார்களின் வகைகள்

வேறுபாட்டு அழுத்தச் சென்சார்: வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள புகை அழுத்தத்தின் வேறுபாட்டை அளக்கிறது. இது புகைக்குழாயில் நேரடியாகப் பொருத்தப்படுவதில்லை; இன்ஜின் அறையில் சற்றுத் தள்ளி இருக்கும். இரண்டு சிறு ஹோஸ்கள் வழியாக அழுத்தம் இதை வந்தடைகிறது. கரி சேரச் சேர வேறுபாடு கூடும்.

புகை வெப்பநிலைச் சென்சார்: டர்போவுக்கு முன்னும் வடிகட்டிக்கு முன்னும் பின்னும் எனப் பல இடங்களில் இருக்கலாம். மெல்லிய உலோக முனையும் அதனுடன் இணைந்த நீண்ட வயரும் கொண்டது. பிளாட்டினம் மின்தடை, தெர்மிஸ்டர், வெப்ப இரட்டை ஆகிய மூன்று வகைகள் புழக்கத்தில் உள்ளன.

நாக்ஸ் சென்சார்: நைட்ரஜன் ஆக்சைடுகளை அளக்கிறது. இதன் சிர்கோனியா பீங்கான் முனை உள்ளிருக்கும் சூடேற்றியால் ஏறத்தாழ 800 டிகிரி வரை சூடாக்கப்படுகிறது. தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டியுடன் வருவதால் விலை அதிகம்.

ஆக்சிஜன் சென்சார்: புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனை அளக்கிறது. லாம்டா சென்சார் என்றும் அழைக்கப்படுகிறது.

அறிகுறிகள்

இன்ஜின் விளக்கோ டி.பி.எப். விளக்கோ எரிதல், இழுவை குறைந்து வண்டி குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் செல்ல மறுத்தல், மைலேஜ் குறைதல், மீளுருவாக்கம் அடிக்கடி நடத்தல் அல்லது நடக்காமலே இருத்தல் ஆகியவை பொதுவான அறிகுறிகள். ஆயில் அளவுக் குச்சியில் ஆயில் மட்டம் உயர்ந்திருந்தால், முழுமையடையாத மீளுருவாக்கங்களின்போது எரியாத டீசல் ஆயிலில் கலந்திருக்கலாம். அந்த ஆயில் நீர்த்துப்போயிருக்கும் என்பதால் வண்டியை ஓட்டுவதைத் தவிர்த்து ஆயிலை மாற்ற வேண்டும்.

பழுதுக் குறியீட்டைப் படித்தல்

ஓட்டுநர் பக்கம் டேஷ்போர்டின் கீழ் 16 துளைகள் கொண்ட ஓபிடி இணைப்பான் இருக்கும். அதில் ஸ்கேனர் கருவியையோ, கைப்பேசியுடன் புளூடூத் வழி இயங்கும் சிறு அடாப்டரையோ செருகிக் குறியீட்டைப் படிக்கலாம். அடிக்கடி காணப்படும் சில குறியீடுகள்:

பி0544: புகை வெப்பநிலைச் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு.
பி2452: வேறுபாட்டு அழுத்தச் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு.
பி2453: அதே சென்சாரின் அளவீடு எதிர்பார்த்த வரம்பில் இல்லை.
பி2463: வடிகட்டியில் கரி அளவுக்கு மீறிச் சேர்ந்துள்ளது.
பி2002: வடிகட்டியின் திறன் குறைந்துள்ளது.
பி2200: நாக்ஸ் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு.

இவற்றுள் மின்சுற்று என்று குறிப்பவை வயர், கனெக்டர், சென்சார் மூன்றையும் சேர்த்தே குறிக்கின்றன. பி2463 வந்தால் சென்சார் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது. தொடர்ச்சியான குறுகிய நகரப் பயணம், அடைத்த இ.ஜி.ஆர். வால்வு, டர்போ காற்றுக் குழாயில் கசிவு, ஒழுகும் இன்ஜெக்டர் ஆகியவற்றில் ஒன்று கரியை அதிகமாக உண்டாக்கியிருக்கும். அங்கே சென்சாரை மாற்றினாலும் விளக்கு மீண்டும் எரியும்.

குறியீட்டை அழிக்கும் முன், அதனுடன் பதிவாகியிருக்கும் விவரங்களைக் குறித்துக்கொள்வது அவசியம். பழுது தோன்றியபோது இருந்த வேகம், இன்ஜின் சுழற்சி, வெப்பநிலை போன்றவற்றைக் கணினி சேமித்து வைத்திருக்கும். குறியீட்டை அழித்தால் இவையும் அழிந்துவிடும்.

வேறுபாட்டு அழுத்தச் சென்சாரைச் சோதித்தல்

வீட்டில் சரிசெய்ய ஏற்றவற்றில் இதுவே முதன்மையானது. ஏனெனில் இதில் சென்சாரைவிட ஹோஸ்களே அடிக்கடி கெடுகின்றன. சூட்டில் ரப்பர் இறுகி வெடிக்கும். கரியும் ஈரமும் சேர்ந்து உள்ளே அடைக்கும்.

முதலில், இன்ஜின் ஆறிய நிலையில் இரு ஹோஸ்களையும் முழு நீளத்துக்கும் தடவிப் பார்க்க வேண்டும். வளைவுகளிலும் கிளிப் பிடிக்கும் இடங்களிலும் வெடிப்பு இருக்கலாம். கருமையான கரிப்பொடி படிந்த இடம் கசிவைக் காட்டும்.

அடுத்து, இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, ஸ்கேனரில் அழுத்த அளவைப் பார்க்க வேண்டும். அப்போது வேறுபாடு பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டும். புகையே ஓடாத நிலையில் கணிசமான அழுத்தம் காட்டினால் சென்சார் அல்லது அதன் மின்சுற்று தவறு.

பிறகு இன்ஜினை இயக்க வேண்டும். ஐடிலில் அளவு சில மில்லிபார் இருக்கும். ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்தினால் சீராக உயர்ந்து, விட்டதும் இறங்க வேண்டும். இதன் முடிவுகளைப் பின்வருமாறு பொருள்கொள்ளலாம்:

அளவு சீராக ஏறி இறங்கினால் சென்சாரும் ஹோஸும் நலம்.
சுழற்சி கூடியும் அளவு அசையாவிட்டால் வடிகட்டிக்கு முன்புள்ள ஹோஸ் வெடித்தோ அடைத்தோ கழன்றோ இருக்கலாம்.
அளவு எதிர்மறையாகச் சென்றால் இரு ஹோஸ்களும் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருக்கலாம்.
ஐடிலிலேயே மிகுந்து, சுழற்சியுடன் வேகமாக ஏறினால் வடிகட்டி உண்மையிலேயே அடைத்திருக்கலாம்.

முன்புற ஹோஸ் வெடிப்பு மிகவும் ஏமாற்றக்கூடியது. அளவு குறைவாகவே காட்டுவதால் வடிகட்டி சுத்தமாக இருப்பதாகக் கணினி எண்ணும். உள்ளே கரி சேர்ந்துகொண்டே போகும். அளவுக்கு மீறிச் சேர்ந்த கரி ஒரே நேரத்தில் தீப்பற்றினால் கடும் சூட்டில் வடிகட்டியின் பீங்கான் உடல் விரிசல் விடக்கூடும். சிறிய ஹோஸ் துண்டை உரிய நேரத்தில் மாற்றுவது அந்த இழப்பைத் தவிர்க்கும்.

அடைப்பை நீக்க, ஹோஸைச் சென்சாரிலிருந்து கழற்றிய பிறகே வடிகட்டிப் பக்கமாகக் காற்றைச் செலுத்த வேண்டும். சென்சார் இணைந்திருக்கும்போது கம்ப்ரஸர் காற்று அடித்தால் அதன் உள் சவ்வு கிழிந்துவிடும். மாற்று ஹோஸ் வெப்பம் தாங்கும் வகையாக இருக்க வேண்டும்; சாதாரண பெட்ரோல் டியூப் நிலைக்காது.

ஹோஸ்கள் நலமாக இருந்தால் மல்டிமீட்டரால் மின்சுற்றைச் சோதிக்கலாம். இச்சென்சாருக்குப் பொதுவாக மூன்று வயர்கள் உண்டு: 5 வோல்ட் மின்னூட்டம், எர்த், சமிக்ஞை. கனெக்டரைக் கழற்றிச் சாவியைத் திருப்பினால் மின்னூட்ட வயரில் 5 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் வயரிங்கைப் பார்க்க வேண்டும். எலி கடித்த வயர், மழைநீர் புகுந்து பச்சை பூத்த கனெக்டர் பின்கள் ஆகியவை அடிக்கடி காணப்படும் காரணங்கள்.

வெப்பநிலைச் சென்சாரைச் சோதித்தல்

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. கார் இரவு முழுவதும் நின்ற பிறகு, காலையில் இன்ஜினை இயக்குமுன் ஸ்கேனரில் எல்லா வெப்பநிலைகளையும் பார்க்க வேண்டும். புகை வெப்பநிலைச் சென்சார்கள், கூலன்ட், உள்ளிழுக்கும் காற்று ஆகிய அனைத்தும் ஏறத்தாழ அன்றைய காற்றின் வெப்பத்தையே காட்ட வேண்டும். ஒன்று மட்டும் நூற்றுக்கணக்கான டிகிரி விலகி நின்றால் பழுது அதன் சுற்றில் உள்ளது.

பிளாட்டினம் வகையில் மின்தடையையும் அளக்கலாம். பரவலான 200 ஓம் வகை, பூச்சியம் டிகிரியில் 200 ஓமும் அறை வெப்பத்தில் ஏறத்தாழ 220 ஓமும் காட்டும். மீட்டர் முடிவிலியைக் காட்டினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. தெர்மிஸ்டர் வகையின் மதிப்புகள் வேறு என்பதால், அந்தந்தக் காரின் கையேட்டைப் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது.

நாக்ஸ் சென்சாரைச் சோதித்தல்

இது கணினியுடன் கேன் தரவு வலையமைப்பு வழியாகப் பேசுகிறது. ஆகவே மல்டிமீட்டரால் இதன் அளவீட்டைச் சோதிக்க முடியாது. பியூஸ், 12 வோல்ட் மின்னூட்டம், எர்த், கனெக்டர் ஆகியவற்றை மட்டும் பார்க்கலாம். யூரியாக் கரைசல் பயன்படுத்தும் கார்களில், தரமற்ற கரைசலோ குழாயில் படிந்த யூரியாப் படிகமோ கூட இச்சென்சாரின் அளவீட்டை உயர்த்தும். கரைசலில் யூரியா 32.5 விழுக்காடு இருக்க வேண்டும். திரவங்களால் முனையைக் கழுவுவது பயன் தராது, பீங்கான் பாதிக்கப்படும்.

சென்சாரை மாற்றுதல்

சோதனையில் சென்சாரே பழுது என உறுதியானபின், பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். புகைக்குழாயில் முறுக்கியுள்ள சென்சார்கள் துருவால் இறுகியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்துச் சில மணி நேரம் விட்டு, வயருக்கு இடம்விட்ட பிளவு சாக்கெட்டால் கழற்றலாம். வலுக்கட்டாயமாகத் திருப்பினால் மரை பிய்ந்து, வடிகட்டியின் உறையே பழுதாகும். புதிய சென்சாரின் மரையில் மட்டும் இறுகல் தடுப்புப் பசை தடவலாம், முனையில் படக்கூடாது. வயரை முறுக்காமல், பழைய பாதையிலேயே கிளிப்புகளில் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் சூடான குழாயில் பட்டு உருகும்.

வேறுபாட்டு அழுத்தச் சென்சாரையும் நாக்ஸ் சென்சாரையும் மாற்றியபின், பல கார்களில் பழைய கற்றல் மதிப்புகளை ஸ்கேனரால் மீட்டமைக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் புதிய சென்சாரின் அளவையும் கணினி தவறாகவே எடுத்துக்கொள்ளும். எல்லா மலிவு அடாப்டர்களிலும் இவ்வசதி இல்லை.

பாதுகாப்பு

புகைக்குழாய் முழுவதும் ஆறியபின்னரே கை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் நுழையக்கூடாது. ஸ்டாண்டு வைக்க வேண்டும். மூடிய ஷெட்டில் இன்ஜினை இயக்கக்கூடாது. மீளுருவாக்கத்தின்போது காரின் அடிப்பகுதி கடுமையாகச் சூடாவதால் காய்ந்த புல், சருகு, வைக்கோல் ஆகியவற்றின் மேல் நிறுத்தக்கூடாது. ஸ்கேனர் மூலம் கட்டாய மீளுருவாக்கம் செய்வதை அனுபவமுள்ள பணிமனையிடம் விடுவது நல்லது.

சட்டமும் உடல்நலமும்

தொல்லை தீர வேண்டும் என்று வடிகட்டியைக் கழற்றுவதும், சென்சாருக்குப் பதில் பொய்யான சமிக்ஞை தரும் கருவியைப் பொருத்துவதும் சில இடங்களில் நடக்கின்றன. இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. வடிகட்டி இல்லாத கார் கக்கும் கரியை முதலில் சுவாசிப்பவர்கள் அதன் பின்னால் இருசக்கர வாகனத்தில் வருபவர்களும் சாலையோரம் நடப்பவர்களும்தான்.

தடுப்பு முறைகள்

நகரத்துக்குள் மட்டும் ஓடும் டீசல் காரை அவ்வப்போது நெடுஞ்சாலையில் 20 நிமிடங்களுக்குக் குறையாமல் சீரான வேகத்தில் ஓட்டுவது மீளுருவாக்கம் முழுமையடைய உதவும். டி.பி.எப். விளக்கு எரியும்போது இதைத் தள்ளிப்போடக்கூடாது. சாம்பல் குறைவாக உண்டாக்கும் இன்ஜின் ஆயிலையே பயன்படுத்த வேண்டும். கரி எரிந்துவிடும், சாம்பல் எரியாது. ஒவ்வொரு சர்வீஸின்போதும் அழுத்தச் சென்சாரின் ஹோஸ்களையும் கனெக்டரையும் பார்க்கச் சொல்வது, பெருஞ்செலவுக்கு முன்பே பழுதைக் கண்டுபிடிக்க உதவும்.