மோட்டார் வண்டியின் பழைய எண்ணெய்

எஞ்சினுள் உலோகத்தோடு உலோகம் உராயாதவாறு காப்பது மெல்லிய எண்ணெய்ப் படலமேயாகும். நாளடைவில் அவ்வெண்ணெய் புகைக்கரியையும் நுண்ணிய உலோகத் துகள்களையும் ஏற்றுக் கருமையடைகின்றது. ஆதலால், வண்டியுடன் தரப்பட்ட கைந்நூல் குறிக்கும் காலத்தில் அதனை மாற்றுதல் அவசியமாகும்.

வீட்டிலேயே இதனைச் செய்வோர் நெடுங்காலமாகக் கைக்கொண்ட முறை, வண்டியை ஜக்கினால் உயர்த்தி, கீழே படுத்து, எண்ணெய்த் தொட்டியின் அடியிலுள்ள திருகாணியைக் கழற்றுவதாகும். மண் முற்றத்தில் ஜக்குச் சரியுமாயின் கீழே கிடப்பவர் உயிர் தப்புவது அரிது. இவ்வபாயத்தைத் தவிர்க்க உதவுவது எண்ணெய் உறிஞ்சும் கருவி.

மூடிய கலம், கைப்பம்பி, நீண்ட மெல்லிய குழாய் ஆகிய மூன்றும் சேர்ந்ததே இக்கருவி. பம்பியை இயக்கக் கலத்திலுள்ள காற்று வெளியேறி, உள்ளே அமுக்கம் குறைகின்றது. உடனே வெளியேயுள்ள வளிமண்டல அமுக்கம் எண்ணெயைக் குழாய் வழியே மேலே தள்ளுகின்றது. இளநீரைக் குழலிட்டுப் பருகும் சிறுவன், தானே அதனை இழுப்பதாக எண்ணுகின்றான். உண்மையில் காற்றே அதனை அவன் வாய்க்குள் தள்ளுகின்றது.

இனி, செய்முறையைக் காண்போம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிடுதல் வேண்டும். குளிர்ந்த எண்ணெய் தடித்து மெல்ல ஊரும். இளஞ்சூடான எண்ணெய் இலகுவில் ஓடும். பின்னர் எஞ்சினை நிறுத்திப் 10 நிமிடம் பொறுத்தால், மேலே நின்ற எண்ணெயும் தொட்டியில் வந்து சேரும். எண்ணெய் மட்டம் பார்க்கும் கோலை உருவி, அத்துளையினூடாகக் குழாயை அடித்தளத்தில் முட்டும்வரை இறக்கிப் பம்பியை இயக்குக. குழாய் காற்றை உறிஞ்சும் ஓசை கேட்டதும் வேலை முடிந்ததெனக் கருதலாகாது. குழாயைச் சற்று உயர்த்தித் திருப்பி மீண்டும் இறக்கிப் பார்த்தல் நன்று.

கலத்தின் புறத்தே லீற்றர் அளவு குறிக்கப்பட்டிருக்கும். கைந்நூல் 4 லீற்றர் என்று கூற, 3 லீற்றரே வந்திருப்பின், குழாய் அடியைத் தொடவில்லை. அன்றேல் எஞ்சின் முன்னரே எண்ணெய் குறைந்து ஓடியிருக்கின்றது. அதனை ஆராயாது 4 லீற்றர் புதிய எண்ணெயை ஊற்றின் அளவு மிஞ்சக்கூடும். மிஞ்சிய எண்ணெயைச் சுழலும் தண்டு அடித்து நுரைக்கச் செய்யும். நுரைத்த எண்ணெய் உராய்வைத் தடுக்காது. ஆகவே, புதிய வடிகட்டியைப் பொருத்தியபின், சிறிது குறைவாக ஊற்றி, எஞ்சினை ஒரு நிமிடம் ஓட்டி, நிறுத்திச் சற்றுப் பொறுத்து, கோலின் இரு குறிகளுக்கிடையே மட்டம் வரும்வரை நிரப்புதல் தகும்.

சில எஞ்சின்களில் கோலின் துளை வழியே தொட்டியின் அடியை எட்ட முடியாது. சிலவற்றில் வடிகட்டி கீழ்ப்புறத்தில் அமைந்திருக்கும். அத்தகைய வண்டிகளுக்குக் கராஜே ஏற்ற இடமாகும்.

எல்லாவற்றிலும் மேலான கடமை இறுதியிலேயே உள்ளது. கலத்திலுள்ள கரிய எண்ணெயை எங்கே விடுவது? வேலியோரத்தில் ஊற்றுவோர் உளர். கறையான் அணுகாதிருக்கக் கம்பங்களுக்குப் பூசுவோரும் உளர். இரண்டும் மழையோடு மண்ணிற் சேரும். யாழ்ப்பாணக் குடாநாடு வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல்லின் மேல் அமைந்தது. மேலே சிந்தியது நிலத்தடி நீரை எளிதில் அடையும். 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்தைச் சூழ்ந்த ஊர்களில், கிணற்று நீரில் எண்ணெய் கலந்துள்ளதென்ற அச்சத்தால், மக்கள் தம் வளவுக் கிணறு இருக்கவே பவுசர் நீருக்குக் காத்து நின்றதை எவரும் மறந்திரார்.

ஆதலால், பழைய எண்ணெயை இறுக மூடிய கொள்கலனில் அடைத்து, சிறுவர் கைக்கு எட்டாது வைத்து, கழிவெண்ணெய் சேகரிக்கும் கராஜிடம் ஒப்படைத்தல் வேண்டும். கையிற் பட்டதைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதலும் வேண்டும். மண்ணில் ஒரு துளியும் சிந்தாது எண்ணெயை மேலே எடுப்பது இக்கருவியின் சிறப்பு. எடுத்ததை மண்ணிலேயே ஊற்றுவோர்க்கு அச்சிறப்பினாற் பயனில்லை.